பல்லைக் கடித்து அடித்தும் பந்து போகவில்லையா? கோல்ஃப் ஸ்விங்கில் பலம் தொலையும் இடங்கள்

ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், பக்கத்தில் நின்று அடிப்பவரைப் பார்த்து வயிறு எரியாத கோல்ஃபர் இருக்க முடியாது. நம்மைவிட ஒல்லியாக இருப்பார். அலுங்காமல் குலுங்காமல் ஒரு சுற்றுச் சுற்றுவார். பந்து நம்முடையதைத் தாண்டி 40 யார்டு தள்ளி விழும். சரி, நாமும் காட்டுவோம் என்று பல்லைக் கடித்து அடித்தால், இருந்ததிலும் 10 யார்டு குறையும்.

ஸ்விங்குக்கு, அதாவது கிளப் என்னும் கோல்ஃப் மட்டையை வீசும் அசைவுக்கு, பலம் நாலு வழியில் வருகிறது. உடல் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு நகர்வது ஒன்று. இடுப்பும் மார்பும் சுழல்வது இரண்டாவது. தரையைக் காலால் அழுத்தி எழும்புவது மூன்றாவது. கையும் மணிக்கட்டும் நெம்புகோல் மாதிரி கிளப்பை வீசுவது நாலாவது. எல்லோர் ஸ்விங்கிலும் இந்த நாலும் உண்டு, கலவைதான் ஆளுக்கு ஆள் மாறும். பந்தைத் தொடும் நேரத்தில் ஜஸ்டின் தாமஸின் குதிகால்கள் தரையில் இருக்காது. ஜான் ராமின் பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும் பாதி) முக்கால்வாசியிலேயே நின்றுவிடும். ஜான் டேலியோ கிளப்பின் தலை தரையைப் பார்க்கும் அளவுக்குச் சுற்றிக்கொண்டு போவார், 1997-இல் அமெரிக்க ஆண்கள் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஒரு முழுப் பருவத்துக்கும் சராசரியாக 300 யார்டுக்கு மேல் அடித்த முதல் ஆள் அவர்தான்.

தூரம் வராததற்கு உடம்பில் பலம் இல்லாததுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படி இல்லை. அடுத்தவருடைய வழியைக் கடன் வாங்குவது ஒரு காரணம். வழி சரியாகவே இருந்தும் வரிசை குலைந்துபோவது இன்னொன்று. எது உங்களுடையது என்பதை அறிகுறியை வைத்துப் பிடிக்கலாம். கீழே முன்கால், முன்கை என்று நான் சொல்வது இலக்குப் பக்கம் இருப்பவற்றை, பின்கால், பின்கை என்பது மற்றப் பக்கத்தை. இடது கைக்காரர்கள் தனியாக மாற்றிப் படிக்க வேண்டியதில்லை.

எதைத் திருத்துவதற்கும் முன்னால்: வேகம் குறைவா, படுகிற இடம் தப்பா?

இதைப் பார்க்காமல் ஸ்விங்கில் கை வைக்காதீர்கள். டிரைவர் என்பது அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை அதன் முகத்தில், அதாவது பந்தில் படும் பரப்பில், லேசாக அடியுங்கள். வெள்ளைப் படலம் காய்ந்ததும் ஒரு பந்தை அடித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். பந்தின் சின்னச் சின்னக் குழிகள்கூட அச்சுப் போட்ட மாதிரி பதிந்திருக்கும். பத்துப் பந்து அடித்தபின் தடங்கள் நடுவில் ஒரு பந்தளவு இடத்துக்குள் கூடியிருந்தால் உங்கள் பிரச்சினை வேகம்தான், கீழே போகலாம். முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் வேகத்தைத் தேட இது நேரமில்லை.

கணக்கு எளிது. பந்து கிளம்பும் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ் ஃபேக்டர். டிரைவருக்கு அது ஏறக்குறைய 1.5-இல் முட்டிக்கொள்ளும். மணிக்கு 95 மைல் வேகத்தில் வீசுபவர் நடுவில் பிடித்தால் பந்து 142 மைலில் கிளம்புகிறது. ஓரத்தில் பட்டு 1.4 ஆகிவிட்டால் 133 தான். அதே ஸ்விங், அதே வியர்வை, ஆனால் 15 யார்டுக்கு மேல் காணாமல் போயிருக்கும். பெண்கள் தொழில்முறைத் தொடரான எல்.பி.ஜி.ஏ.வின் வீராங்கனைகளுடைய சராசரி டிரைவர் வேகம் 95 மைலை ஒட்டித்தான் இருக்கிறது. வார இறுதியில் ஆடும் ஆண்கள் பலருக்கும் அதே வேகம் உண்டு. ஆனாலும் பந்து அந்த வீராங்கனைகளுக்குத்தான் தூரம் போகிறது, ஏனென்றால் நடுவில் படுகிறது.

தடம் முகத்தின் கீழ்ப்பாதியில் விழுந்தால் பந்து கூடுதலாகப் பின்சுழன்று, மேலே ஏறி, அங்கேயே மூச்சு வாங்கிவிட்டு விழும். குதிப்பக்கம் (கிளப்பின் தண்டு சேரும் பக்கம்) விழுந்தால் பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், அல்லது அடிக்கும்போது இடுப்பு பந்தை நோக்கிப் போகிறது. இரண்டாவதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அறிகுறி: 'விஷ்' சத்தம் பந்துக்கு முன்பே வந்துவிடுகிறது

டிரைவரைத் தலைகீழாகப் பிடியுங்கள், அதாவது தலைக்குச் சற்றுக் கீழே ஷாஃப்டை (தண்டை) பிடித்து, கைப்பிடி வெளியே இருக்கும்படி. பந்து இல்லாமல் முழு ஸ்விங் போடுங்கள். காற்றைக் கிழிக்கும் சத்தம் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். பந்து இருக்க வேண்டிய இடத்திலோ அதைத் தாண்டியோ வந்தால் நல்லது. பின்தோள் பக்கம், காதுக்கு அருகிலேயே கேட்டுவிட்டால், பந்து வருவதற்குள் செலவு முடிந்துவிட்டது என்று பொருள்.

நான் முதல் தடவை இதைச் செய்தபோது சத்தம் என் பின்காதுக்குள்ளேயே கேட்டது. அத்தனை நாள் நான் 'வேகமாக' என்று நினைத்துக்கொண்டிருந்தது மேலிருந்து கீழே வரும் முதல் பாதியை மட்டும்தான். பேக்ஸ்விங்கின் உச்சியிலிருந்து பின்கையால் கிளப்பைத் தூண்டில் போடுவது மாதிரி எறிந்துகொண்டிருந்திருக்கிறேன். மணிக்கட்டின் மடிப்பு உச்சியிலேயே அவிழ்ந்துவிட்டால் நெம்புகோல் அங்கேயே தீர்ந்துபோகிறது.

இதற்கு உடனே கிடைக்கும் அறிவுரை, 'மணிக்கட்டை மடித்தே பிடித்துக்கொள், கடைசியில் விடு' என்பது. இதை நம்பாதீர்கள். டவுன்ஸ்விங், அதாவது உச்சியிலிருந்து பந்துவரை கிளப் இறங்கும் பகுதி, மொத்தமே கால் நொடிதான். அதற்குள் பிடி, விடு என்று கைக்கு உத்தரவு போட நேரமே கிடையாது. பிடித்துக்கொள்ள முயன்றால் முழங்கைக்குக் கீழே கை முழுக்க இறுகி, கிளப் சோர்ந்து வரும். நல்ல ஸ்விங்கில் கைகள் பந்துக்கு வரும் முன்பே தங்கள் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டு மெதுவாகத் தொடங்கும், கையின் வேகம் கிளப்பின் தலைக்கு மாறும், தலை முந்திக்கொண்டு பாயும். சாட்டையைச் சொடுக்குபவர் கையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டே போனால் சத்தம் வருமா?

ஆகவே கையைத் திருத்தாமல், கைக்கு முன் என்ன நடக்கிறது என்பதைத் திருத்துங்கள். பிடியை முதலில் தளர்த்துங்கள். யாராவது கிளப்பைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் வழுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். அப்புறம் இந்தப் பயிற்சி: இரண்டு பாதத்தையும் சேர்த்து நில்லுங்கள். கிளப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே, உச்சியை எட்டும் முன்பே, முன்காலை இலக்குப் பக்கம் ஓர் அடி எடுத்து வையுங்கள். கால் ஊன்றியபின் வீசுங்கள். கை இன்னும் பின்னால் போகிறது, கால் முன்னால் வந்துவிட்டது. அந்த இழுபறியில் மணிக்கட்டு தானாகவே மடிந்து நிற்கும். முதலில் பந்தில்லாமல், பிறகு உயரமான டீயில் (பந்தைத் தாங்கும் சின்ன முளையில்) வைத்த பந்தை 7 அயர்னால் (டிரைவரைவிடக் குட்டையான, உலோகத் தலை மெலிந்த கிளப்). நாலு நாளில் சத்தம் இடம் மாறத் தொடங்கியது எனக்கு. பந்தை வைத்து அடிக்கும்போது மாற இன்னும் ஒரு மாதம் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: பலமாக அடிக்க அடிக்க ஸ்லைஸ் கூடுகிறது

மெதுவாக அடித்தால் நேராகப் போகும் பந்து, வேகம் கூட்டினால் வாழைப்பழம் மாதிரி வளைகிறது. இது சுழற்சியை நம்பி ஆடுபவர்களின் வியாதி. சுழல்கிறார்கள், ஆனால் தோளிலிருந்து தொடங்குகிறார்கள்.

நல்ல ஆட்டக்காரர்களின் டவுன்ஸ்விங்கில் ஒரு வரிசை உண்டு: முதலில் இடுப்பு, அடுத்து மார்பு, பிறகு கை, கடைசியில் கிளப். ஒவ்வொன்றும் உச்ச வேகத்துக்குப் போய், சட்டென்று மட்டுப்பட்டு, அடுத்ததற்கு வேகத்தைக் கொடுக்கிறது. தோள் முந்திவிட்டால் கிளப் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, பந்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் தீர்மானிக்கும். அது எப்படி வளையும் என்பதை முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கும். குறுக்கு வெட்டில் முகமும் திறந்திருந்தால், அதாவது பாதைக்கு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், வேகத்தில் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும்.

முதலில் கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். குனிந்து பார்க்கும்போது முன்கையின் விரல் முட்டிகள் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் முகம் மூடவே மூடாது, மற்றப் பயிற்சிகள் எதுவும் பலிக்காது. அது சரி என்றால், உச்சியில் இருக்கும்போது உங்கள் முதுகு இலக்கைப் பார்க்கிறது அல்லவா, அந்த முதுகை இன்னும் ஒரு கணம் அங்கேயே விட்டுவிட்டு இடுப்பை மட்டும் திருப்பிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால், கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு. உங்களால் இடுப்பைத் தனியாகத் திருப்பவே முடியவில்லை, தோளும் கூடவே வருகிறது என்றால் பிரச்சினை ஸ்விங்கில் இல்லை, உடம்பின் நெகிழ்வில் இருக்கிறது. அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

அறிகுறி: திரும்பவே முடியவில்லை, கையை மட்டும் தூக்குகிறேன்

பேக்ஸ்விங்கில் தோள் பாதியிலேயே நின்றுவிடும், மீதித் தூரத்தைக் கை தூக்கி ஈடுகட்டும். முன்கை முழங்கையில் மடியும். பார்ப்பதற்கு நீளமான ஸ்விங்காக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இடுப்பைப் பூட்டிவிட்டுத் தோளை மட்டும் திருப்பு, இரண்டுக்கும் இடையே எவ்வளவு முறுக்கு ஏறுகிறதோ அவ்வளவு தூரம் என்று ஒரு கருத்து 1990-களில் பரவியது. எக்ஸ் ஃபேக்டர் என்று பெயர். நெகிழ்வான இளம் உடம்புக்கு அதில் பலன் உண்டு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருபவருக்கு அது முதுகுவலிக்கான நேர்வழி. இடுப்பைப் பூட்டாதீர்கள், திரும்ப விடுங்கள். பின்காலின் பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்தால் இடுப்பு இன்னும் சில பாகை கூடுதலாகப் போகும். முன்காலின் குதிகால் தரையைவிட்டு எழ வேண்டும் என்றால் எழட்டும். ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார், மேஜர் என்னும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்றார். குதிகாலைத் தரையில் திரும்ப ஊன்றுவதே டவுன்ஸ்விங்கின் தொடக்கமாகவும் அமைந்துவிடும், இரட்டை லாபம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: குட்டையான பேக்ஸ்விங் தன்னளவில் குறை இல்லை. ஜான் ராம் வளைந்த வலது பாதத்தோடு பிறந்தவர். அந்தக் கணுக்காலில் அசைவு குறைவு, அதற்கேற்ற அளவில்தான் பின்னால் போகிறார். முன்கையின் மணிக்கட்டை உள்நோக்கி மடக்கி முகத்தை மூடிவைத்துவிட்டு, உடம்பைத் தயக்கமில்லாமல் சுழற்றுகிறார். அவருக்குக் கை கடைசியில் வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் தோள் நின்ற இடத்தில் கையும் நிற்கட்டும். தூரம் குறையாது, படுகிற இடம் நடுவுக்கு வரும்.

அறிகுறி: அடித்து முடித்ததும் பின்னால் சாய்கிறேன்

சோதனை ஒரே நொடியில் முடியும். ஸ்விங் முடிந்த நிலையில் அப்படியே நின்று பின்காலைத் தரையிலிருந்து தூக்குங்கள். தூக்க முடிகிறதா? தடுமாறினால் எடை இன்னும் பின்னால்தான் இருக்கிறது. அயர்னால் அடிக்கும்போது பந்துக்கு முன்பே மண்ணைத் தோண்டுவதும் பந்தின் தலையில் தட்டுவதும் மாறி மாறி வருகிறதென்றால் அதுவும் இதே கதைதான்.

பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையால் வருவது இது. தூக்குவது கிளப் முகத்தின் சாய்வுடைய வேலை, உங்களுடையது அல்ல. எடை முன்னால் நகரும் நேரம் பலரும் நினைப்பதைவிடச் சீக்கிரமானது. நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கிளப் உச்சியை எட்டும் முன்பே அழுத்தம் முன்காலுக்கு வரத் தொடங்கிவிடும், முன்கை தரைக்கு இணையாக இறங்கும்போது பெரும்பகுதி வந்து சேர்ந்திருக்கும். மேலே சொன்ன அடியெடுத்து வைக்கும் பயிற்சியே இதற்கும் மருந்து.

அறிகுறி: குதித்து அடிக்கிறேன், பந்தின் தலையில்தான் படுகிறது

இப்போது அதிகம் பார்க்கிற கோளாறு இதுதான், நானும் ஒரு பருவம் முழுக்க இதில் மாட்டிக்கொண்டேன். நீளடிப் போட்டிக்காரர்களின் மெதுவோட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பந்தைத் தொடும்போது எம்பினால் வேகம் வரும் என்று புரிந்துகொண்டேன். கிளப்பின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் பட்டுப் புல்லை உரசிக்கொண்டு பந்து ஓடியதுதான் மிச்சம்.

வீடியோவில் நாம் பார்ப்பது விளைவை. எம்பல் தெரிகிற நேரத்தில் தரையை அழுத்தும் வேலை முடிந்தே போயிருக்கும். டவுன்ஸ்விங்கின் தொடக்கத்தில் அவர்கள் சற்று உட்கார்கிறார்கள், பழைய படங்களில் அந்தக் கால வீரர் சாம் ஸ்னீடின் கால்களைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். முன்கை தரைக்கு இணையாக வரும் நேரத்தில் முன்காலால் தரையை உதைக்கிறார்கள். அந்த உதை முன்பக்க இடுப்பை மேலேயும் பின்னாலும் தள்ளுகிறது, கிளப்பின் பிடி உள்நோக்கி மேலே இழுபடுகிறது, கிளப்பின் தலை வெளியே பாய்கிறது. குதிகால் எழுவது அதன் மிச்சம் மட்டும்.

நான் செய்ததும் நீங்கள் செய்யக்கூடியதும் இதற்கு நேர்மாறு: உட்காராமல், கடைசி நேரத்தில், இரண்டு காலாலும் எழுவது. அப்போது இடுப்பு பின்னால் போக வழியில்லாமல் பந்தை நோக்கி நகரும், கைக்கு இடமில்லாமல் போகும். பவுடர் சோதனையில் குதிப்பக்கம் தடம் விழுந்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம்: உங்கள் பின்புறம் தொடும்படி ஒரு நாற்காலியை வைத்து நில்லுங்கள். பேக்ஸ்விங்கில் பின்கால் பக்கத்துப் பிட்டம் நாற்காலியைத் தொட வேண்டும், டவுன்ஸ்விங்கில் அந்தத் தொடுதல் முன்கால் பக்கத்துப் பிட்டத்துக்கு மாற வேண்டும். பந்தைத் தாண்டும்வரை நாற்காலியைவிட்டு விலகக் கூடாது.

இந்த வழி உங்களுடையதுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். சுவரோரம் நின்று மேலே எம்பிக் கைக்கு எட்டும் உயரத்தைப் பாருங்கள். பிறகு உட்கார்ந்தபடி கனமான பந்தொன்றை மார்பிலிருந்து தள்ளுங்கள். உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் எதில் நீங்கள் தேறுகிறீர்கள்? எம்பலில் சாதாரணம், தள்ளுவதில் கெட்டி என்றால் காலை நம்பி ஸ்விங்கை மாற்றிக் கட்டுவது வீண் வேலை. நான் அந்த ரகம். கையையும் மார்பையும் நம்பி ஆடத் திரும்பியதும், இழந்த தூரம் திரும்பி வந்தது.

அறிகுறி: பந்தில்லாமல் வேகம், பந்தைப் பார்த்ததும் இறுக்கம்

வேகமானி இருந்தால் எண்ணிலேயே தெரியும். இல்லாவிட்டால் சத்தத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சி வீச்சில் கூர்மையாக வரும் 'விஷ்', பந்து வந்ததும் மழுங்கிவிடும்.

பேக்ஸ்விங்குக்கும் டவுன்ஸ்விங்குக்கும் உள்ள கால விகிதம் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பதற்றத்தில் பலரும் பேக்ஸ்விங்கை இழுத்துக்கொண்டே போய் உச்சியில் நின்று யோசிப்பார்கள். மெதுவாகப் பின்னால் போ என்ற அறிவுரையும் இங்கே கெடுதலே செய்யும். கொஞ்சம் துடியாகவே பின்னால் போங்கள். வாரத்தில் ஒரு நாள் வலைக்குள் அடியுங்கள், இலக்கே வேண்டாம், பந்து எங்கே போனது என்று பார்க்கவும் வேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். களைத்த உடம்பு மெதுவாக வீசத்தான் பழகும்.

அறிகுறி: எடை தூக்கி உடம்பு ஏறிவிட்டது, தூரம் ஏறவில்லை

பிரைசன் டிஷாம்போ உடம்பைப் பெருக்கிக்கொண்டு வந்து 2020 யு.எஸ். ஓப்பனை ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றபிறகு இந்த வழி பிரபலமானது. அவர் தசையோடு நின்றுவிடவில்லை, உச்ச வேகத்தில் வீசுவதையே தனிப் பயிற்சியாகச் செய்தார். மெதுவாகத் தூக்கிப் பழகிய தசைக்கு மெதுவாகத் தூக்கத்தான் தெரியும். குதித்தல், கனப் பந்தை எறிதல், கிளப்பை முழு வேகத்தில் வீசுதல் கூடவே வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் தூரம் இல்லை

டீயின் உயரத்தைப் பாருங்கள். டிரைவரைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பந்து முன்குதிகாலுக்கு நேரே இருக்க வேண்டும். வேகம் குறைந்தவர்கள் மேல்நோக்கி அடித்தால்தான் பந்து மிதக்கும். சாய்வு குறைந்த டிரைவர் வாங்கினால் தூரம் கூடும் என்பது 90 மைல் வேகக்காரருக்குப் பொருந்தாது. ஷாஃப்டை நீட்டுவதும் அப்படித்தான். விதிப்படி 48 அங்குலம்வரை போகலாம், 2022 முதல் தொழில்முறைப் போட்டிகள் விரும்பினால் 46 அங்குலத்துக்கு வரம்பு வைக்கலாம். நீட்டியபிறகு பவுடர் சோதனையை மறுபடி செய்து பாருங்கள், தடங்கள் எப்படிச் சிதறுகின்றன என்று தெரியும்.

அறிகுறி: வலி

அடித்த மறுநாள் தசை வலித்தால் பொறுத்துப் பார்க்கலாம். அடிக்கும் கணத்திலேயே முதுகின் கீழ்ப்பகுதியிலோ முழங்கையின் உட்புறத்திலோ சுருக்கென்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். முதுகு என்றால் இடுப்பைப் பூட்டும் பழக்கத்தையும் கடைசி நேர எம்பலையும் சந்தேகியுங்கள். முழங்கை என்றால் பிடியின் இறுக்கத்தை, அடுத்து விரிப்பை: கான்கிரீட் மேல் விரித்த மெல்லிய பாயில் நூறு பந்து அயர்னால் அடித்தால் எந்த முழங்கையும் முறையிடும். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி திரும்பி வந்தால் மருத்துவரிடம் போங்கள், கிளப் காத்திருக்கும்.